கணக்கெடுப்பு வகைப்பாடும் நீலகிரி ஊர்களில் தாயகம் திரும்பிய தமிழரின் பரவலும்: ஜெகதளாவை முன்வைத்து

முன்னுரை

குன்னூர் வட்டத்தில் அருவங்காட்டை ஒட்டி அமைந்துள்ள ஜெகதளா, படகர் ஊர்களுள் முதன்மையானவற்றில் ஒன்று. இன்று அது ஒரு பேரூராட்சி. 1852-இல் ஆங்கிலேயர் அருகிலிருந்த மேட்டில் படைவீடு கட்டத் தொடங்கியபோது, இவ்வூரின் பெயரையே சற்றுத் திரித்து அப்படைவீட்டுக்கு இட்டனர். 1860-இல் அப்பெயர் நீக்கப்பட்டு 'வெலிங்டன்' ஆயிற்று. மக்கள் இடம் பெயரவில்லை. பதிவேட்டில் இடத்தின் பெயர் மட்டும் மாறியது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் இதே மலையில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. பல்லாயிரம் மக்கள் கடல் கடந்து வந்து குடியேறினர். பதிவேட்டில் அவர்களுக்குத் தனிப்பெயர் ஏதும் அமையவில்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் நீலகிரியின் எந்தெந்த ஊரில் எவ்வாறு பரவினர் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து அறிய முடியுமா என்ற வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வகைப்பாடு பரவலைத் தீர்மானிக்கும் முறை

ஓர் இனத்தார் ஒரு நிலப்பரப்பின் நகரங்களில் எவ்விகிதத்தில் வாழ்கின்றனர் என்று கூறுவதற்கு முன், அவர்களை எண்ணுவதற்கு ஒரு வகை இருத்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பட்டறிவு இதனைத் தெளிவாக்கும். அந்நாட்டுக் கணக்கெடுப்பில் 1920, 1930, 1940 ஆகிய ஆண்டுகளில் இந்தியத் துணைக்கண்டத்தினர் 'இந்து' என்னும் இனமாகக் குறிக்கப்பட்டனர். கலிபோர்னியாவின் யூபா நகரைச் சுற்றி உழவு செய்தவர்களுள் பெரும்பாலோர் சீக்கியர். ஆயினும் பதிவேட்டில் அவர்களும் இந்துக்களே. பின்னர் அவ்வகை கைவிடப்பட்டது. 1970-இல் இந்தியர் பெரும்பாலும் வெள்ளையர் கணக்கில் சேர்க்கப்பட்டனர். 1980-இல்தான் 'ஆசிய இந்தியர்' என்ற தனி வகை உருவாயிற்று. ஆகவே 1970-க்கும் 1980-க்கும் இடையில் கலிபோர்னிய நகரங்களில் இந்தியர் எவ்வளவு பெருகினர் என்பதை அவ்விரு கணக்கெடுப்புகளை மட்டும் ஒப்பிட்டு ஒருவராலும் துல்லியமாகக் கூற இயலாது.

இலங்கையில் நிலைமை வேறு. 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு பிரிவுகள் தனித்தனியே எண்ணப்பட்டன. அவ்வாண்டில் இரு பிரிவினரும் ஏறத்தாழ 5.3 இலட்சம் என்ற சமநிலையில் இருந்தனர். தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்ந்தோரை நாட்டின் பிற தமிழரிடமிருந்து பிரித்துக் காட்டிய அவ்வகையே பின்னர் அவர்களின் குடியுரிமையைப் பறிக்கும் கருவியாயிற்று என்பதும் மறுக்க இயலாதது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதரை ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தில் பங்கிட்ட ஓர் உடன்படிக்கையில், அம்மனிதரின் விருப்பம் எவ்விடத்திலும் கேட்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்தல் ஆய்வாளர் கடமை.

இந்த ஏற்பாட்டின் கீழ் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகத் தமிழகம் எங்கும் பிரிந்தனர். இலங்கைக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் தொகை 1971-இல் 11.7 இலட்சமாகவும் 1981-இல் 8.2 இலட்சமாகவும் இருந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் புலப்பெயர்வின் விளைவாகக் கொள்ளுதல் பிழை. தம்மை 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்துகொண்ட மலையகத்தாரும் அதில் உண்டு. எனினும் அங்கு ஒரு குறைவு கண்ணுக்குப் புலனாகிறது. பாக் நீரிணையின் இக்கரையில் அதற்கு இணையான கூடுதல் எந்த அட்டவணையிலும் அப்பெயரில் இல்லை. அக்கரையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர் இக்கரையில் 'தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்' என்னும் பெருந்தொகையுள் கரைந்துவிட்டனர்.

நீலகிரி எண்கள் கூறுவதும் கூறாததும்

நீலகிரியின் மக்கள்தொகை வரலாற்றை எண்களை மட்டும் கொண்டு எழுதுவதில் தொடக்கம் முதலே இடர் உண்டு. 1871-இல் 49,501 ஆக இருந்த தொகை 1881-இல் 91,034 ஆயிற்று. இதனைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களின் ஈர்ப்பாக மட்டும் விளக்குவோர், 1873-இல் ஆக்டர்லோனிப் பள்ளத்தாக்கும் 1877-இல் தென்கிழக்கு வயநாடும் இம்மாவட்டத்தோடு இணைக்கப்பட்டதை மறந்துவிடுகின்றனர். எல்லை மாறினால் தொகையும் மாறும்.

1961-இல் 4,09,308 ஆகவும் 1971-இல் 4,94,015 ஆகவும் 1981-இல் 6,30,169 ஆகவும் மாவட்டத்தின் தொகை அமைந்தது. 1961–71 காலத்தில் மாவட்ட வளர்ச்சி 20.7 விழுக்காடு, இது மாநில வளர்ச்சியைவிடச் சற்றுக் குறைவு. அடுத்த பத்தாண்டில் மாநிலம் 17.5 விழுக்காடு வளர, நீலகிரி 27.6 விழுக்காடு வளர்ந்தது. மாநில விகிதத்திலேயே வளர்ந்திருந்தால் 1981-இல் இருந்திருக்கக்கூடிய தொகையைவிட உண்மைத் தொகை ஏறத்தாழ 50,000 மிகுதி. தாயகம் திரும்புதல் உச்சம் தொட்ட பத்தாண்டும் இதுவே. இவ்விரண்டையும் பொருத்திப் பார்ப்பது இயல்பு. ஆயினும் அந்த 50,000-ஐ அப்படியே தாயகம் திரும்பியோரின் எண்ணாகக் கொள்வதை இக்கட்டுரை ஏற்கவில்லை. கூடலூர்ப் பகுதிக்கு மலபாரிலிருந்து வந்த குடியேற்றமும், 1967-இல் உதகையில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போன்ற தொழிலகங்கள் ஈர்த்த சமவெளியினரும் அதே எண்ணுக்குள் அடங்குவர். பிறப்பிடம் பற்றிய வினா ஓரளவு துணை செய்யும்; 1971 முதல் கேட்கப்படும் 'இறுதியாக வாழ்ந்த இடம்' பற்றிய வினாவும் அவ்வாறே. ஆனால் கண்டியில் பிறந்த தாய்க்குக் கோத்தகிரியில் பிறந்த மகள், அடுத்த கணக்கெடுப்பில் நீலகிரியிற் பிறந்தவள். ஒரு தலைமுறைக்குள் அச்சமூகம் அட்டவணையிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஜெகதளா போன்ற ஊர்களில் இம்மறைவு முரணான வடிவம் கொள்கிறது. படகர், பட்டியல் பழங்குடியாக எண்ணப்படாதவர்; எனினும் அவர்தம் மொழி, கன்னடத்தின் கீழேனும், 'படகா' எனத் தனியே பதிவாகிறது. 2011-இல் அம்மொழி பேசுவோர் 1,33,550 பேர். படகரை எண்ணில் காட்டுவது மொழி. அவர்தம் தேயிலைச் சிறுதோட்டத்திலும் காய்கறி நிலத்திலும் கூலிக்கு உழைக்கும் தாயகம் திரும்பியோரை எண்ணில் மறைப்பதும் மொழியே. இவ்விரு சமூகங்களின் உறவை எழுதப் புகும் ஆய்வாளருக்கு ஒரு பக்கத்தில் எண் உண்டு, மறுபக்கத்தில் இல்லை. பெரும்பாலான ஆய்வுகள் எண் உள்ள பக்கத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பரவலின் வடிவங்கள்

எண்கள் கைவிடும் இடத்தில் தொழிலும் நிலவுடைமையும் வழிகாட்டுகின்றன. தாயகம் திரும்பியோரின் நீலகிரிப் பரவல் ஒரே சீரானதன்று. அரசு திட்டமிட்டுக் குடியமர்த்தியதும் அவர்கள் தாமே தேடி வந்ததும் வேறு வேறு நிலவியலைத் தோற்றுவித்தன.

முதலாவது, அரசுத் தேயிலைத் தோட்டங்கள். 1968-இல் வனத்துறையின் கீழ் தொடங்கப்பட்ட இத்திட்டம் 1976 முதல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வழக்கில் 'டேன்டீ'யாக, இயங்கிற்று. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளிலும், அவற்றைவிட மிகுதியாகக் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பகுதிகளிலும் காடு திருத்தித் தேயிலை நடப்பட்டது. அங்கு எழுந்த தொழிலாளர் குடியிருப்புகள் இலங்கை லயத்தின் மறுபதிப்பே. வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை நீங்கின் வீடும் நீங்கும். நெல்லியாளம் 2011-இல் 44,590 மக்களைக் கொண்ட நகராட்சி. குன்னூர் நகராட்சியின் தொகை 45,494. எண்ணளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. குன்னூர் கடைத்தெருவும் இரயில் நிலையமும் கொண்ட பழைய நகரம். நெல்லியாளமோ தோட்டங்களையும் குடியிருப்புகளையும் தொகுத்து நகராட்சி எனப் பெயரிட்ட நிலப்பரப்பு. 'நகர மக்கள்தொகை' என்னும் ஒரே பத்தியில் இவ்விரண்டையும் வைத்து ஒப்பிடும் அட்டவணை, வாசகரைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

இரண்டாவது வடிவமே ஜெகதளாவைச் சார்ந்தது. வந்தோருள் பெரும்பாலோர்க்குத் தோட்ட வேலை கிட்டவில்லை; சமவெளியில் வணிகக் கடன் வழங்கப்பட்டது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த கைகள் பழகாத ஊரில் கடை நடத்த இயலாமல், கடன்தொகை கரைந்தபின் அறிந்த தொழிலையும் அறிந்த குளிரையும் நாடி மலையேறின. அவ்வேளையில் படகர் நிலங்களில் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும், 1965-இல் அத்தகைய தொழிற்சாலைகளின் இணையமான 'இன்ட்கோசர்வ்' அமைப்பும் தோன்றிய பின், உருளைக்கிழங்கு விளைந்த நிலங்கள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் ஆள் கேட்கும் பயிர். ஆள் தேவைப்பட்ட காலமும் ஆள் வந்து சேர்ந்த காலமும் ஒன்றாயின. ஆயினும் இவர்களுக்கு அட்டியின் நடுவே இடமில்லை. ஓடையோரத்திலும் புறம்போக்கிலும் ஊர் எல்லைச் சரிவிலும் குடியிருப்புகள் எழுந்தன. 'சிலோன்காரர்' என்பது அயலார் இட்ட பெயர். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாவதாகக் கூடலூர்ச் சன்ம நிலங்கள். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் சன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அடங்கும் நிலங்களின் உரிமை பல பதிற்றாண்டுகளாக வழக்குகளில் சிக்கியுள்ளது. அந்நிலங்களில் குடியேறியவருக்குப் பட்டா என்பது எட்டாக்கனி. வீட்டுக்கு மின்னிணைப்புப் பெறுவதே பெரும்பாடு.

எண்ணப்படாமையின் விளைவு

வகை இல்லாமை நன்மையே என வாதிடுவோரும் உளர். தனி வகை இலங்கையில் எத்தகைய கேட்டை விளைத்தது என்பதைக் கண்டபின் அவ்வாதத்தை எளிதில் தள்ள இயலாது. ஆயினும் நீலகிரியில் எண்ணப்படாமையும் ஒரு விலை கேட்டது. 2011-இல் இம்மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 32.08 விழுக்காடு, மாநிலச் சராசரி 20.01. 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் நீலகிரி மக்களவைத் தொகுதியும் கூடலூர்ச் சட்டமன்றத் தொகுதியும் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டன. இவ்விகிதம் உயர்ந்ததில் தாயகம் திரும்பியோர்க்குக் கணிசமான பங்கு உண்டு என்பது களம் அறிந்தோர் கருத்து. மாவட்டத்தின் அரசியல் நிலவரைபடத்தை மாற்றிய சமூகம், நிலவுரிமைப் பேச்சில் மட்டும் எண்ணிக்கையற்றதாகவே நிற்கிறது. 2022-இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் பரப்பை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டபோது, ஹெக்டேர் கணக்கு முதலில் வந்தது. அங்கு வாழும் மக்களின் கணக்கு தொழிலாளர் போராட்டங்களுக்குப் பின்னரே பேச்சுக்கு வந்தது.

1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபின் மற்றுமொரு நகர்வு தொடங்கிற்று. 2001-இல் 7,62,141 ஆக இருந்த மாவட்டத் தொகை 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. உதகை நகராட்சி 93,987-இலிருந்து 88,430 ஆயிற்று. கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கியவர்களுள் படகர் எத்தனை பேர், கண்டி, நுவரெலியா, பதுளை வழி வந்தவரின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்ற வினாவுக்கு அட்டவணையில் விடை இல்லை.

விடை வேறு இடங்களில் உண்டு. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய குடும்ப அட்டைகள் இன்றும் பல வீடுகளில் நெகிழித் தாளில் பொதியப்பட்டு இரும்புப் பெட்டிகளுள் உள்ளன. குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் வயது, வழங்கப்பட்ட மறுவாழ்வு உதவி ஆகியவை அவற்றில் அடங்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளின் பிறப்பிடப் பத்தியும் அத்தகையதே. இவற்றை ஊர் ஊராகத் தொகுத்தால், ஜெகதளா முதல் சேரம்பாடி வரை இப்பரவலின் வரைபடம் உருவாகும். அட்டையைப் பெற்ற தலைமுறை எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. ஈரமலையில் தாள் நெடுங்காலம் நிற்பதில்லை.