தோம்பும் செக்ரோலும்: த. சனாதனனின் ஓவியத்தில் வீட்டின் நினைவு

'தோம்பு' என்னும் சொல் மலேசியத் தமிழருக்குப் புதிது, யாழ்ப்பாணத்தாருக்கோ பழகியது. நிலத்தையும் அதன் உரிமையாளரையும் எழுதிவைக்கும் அரசுப் பதிவேட்டைக் குறித்த போர்த்துக்கேயச் சொல்லே தமிழ் ஒலிக்கு இசைந்து அவ்வாறாயிற்று. லிஸ்பனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அம்முறையை விரிவாக்கினர்: வரிக்கு நிலத்தோம்பு, ஊழியத்திற்குத் தலைத்தோம்பு.

இச்சொல்லை ஓவியர் ஒருவர் தம் படைப்பின் தலைப்பாக்கியது தற்செயலன்று. 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த தாமோதரம்பிள்ளை சனாதனன், தில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். வண்ணமும் துணியும் மட்டும் போரின் நினைவைத் தாங்கா என்று அவர் கருதியிருக்க வேண்டும். 1981இல் எரியூட்டப்பட்டு மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004இல் 'அகம்-புறம்' என்ற கண்காட்சி நடந்தது. (திணைக் கோட்பாட்டை வகுப்பறையில் மட்டுமே சந்தித்த நமக்கு அத்தலைப்பே ஒரு பாடம்.) அங்கே அவர் வைத்தவை, குடாநாட்டு வீடுகளில் கேட்டுப் பெற்ற பொருள்கள். போரைக் கடந்து எஞ்சிய அப்புழங்குபொருள்களே அங்கு வரலாற்று நூல்களின் இடத்தில் நின்றன.

2011இல் வெளிவந்த நூலின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' எனலாம். அது அலுவலகக் கோப்பின் வடிவில் அமைந்தது. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் இழந்த வீட்டின் வரைபடத்தைத் தம் கையாலேயே வரைந்து தந்தனர். அதையொட்டிக் கட்டடக்கலைஞரின் அளவான வரைபடம். அடுத்து, சனாதனனின் உலர்வண்ண ஓவியம். பழைய தோம்பு கேட்டது பரப்பும் வரியும். இக்கோப்பிலோ கோணலான கோடுகளே சான்று. அளவுகோல் வைத்த படம் சுவர்களை நேராக்குகிறது. அந்த நேர்த்தியில் ஏதோ உதிர்ந்துவிடுவதைக் கண் உடனே உணர்கிறது. மூன்று தாள்களுள் வலியது முதல் தாளே என்பது என் துணிபு. ஓவியர் தம் கைவண்ணத்தைக் கடைசியில் வைத்த அடக்கமும் அதனாலேயே எனக் கொள்கிறேன்.

சிலிம் ரிவர் வட்டாரத்திற்கு இதனால் என்ன? நம் தோட்டங்களிலும் ஒரு பதிவேடு இருந்தது. அதன் பெயர் செக்ரோல். யார் வேலைக்கு வந்தார், எத்தனை நாள் என்பது அதில் ஏறும், வீடு ஏறாது. லயம் நிருவாகத்தின் சொத்து. ஐம்பதுகளின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் பரவியபோது வேலையோடு கூரையும் போனது அதனால்தான். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரையே தோட்ட உரிமையாளராக்க முயன்றார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பலவும் மறைந்தன.

யாழ்ப்பாணத்து முதியவர் வரைந்தது உறுதி உடைய வீட்டை. லயத்து மூதாட்டியிடம் தாளை நீட்டினால், ஒன்றுபோல் அமைந்த பத்து வாசல்களுள் தம்முடையதை எதைக்கொண்டு பிரித்துக் காட்டுவார்? முருங்கை மரமா, மாட்டுக் கொட்டகையா, பொதுக் குழாய்க்கு எத்தனை அடி என்பதா? அதைக் கேட்டு வரையச் செய்த கோப்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. பிரட்டுக்களம் இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டவல்ல முதியோர் சிலர் இங்கு இன்னும் உள்ளனர்.