யாழ்ப்பாணத்து வளவுக் கோழி வளர்ப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டு வளவுக்குள் நாலைந்து முதல் இருபது வரையான கோழிகளைப் பகலில் மேயவிட்டு, இரவில் கூட்டில் அடைத்து வளர்ப்பது வளவுக் கோழி வளர்ப்பு. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் இது உண்டு. பெரும்பாலும் பெண்களே பார்த்துக்கொள்வார்கள். முட்டை விற்ற காசும் அவர்கள் கையிலேயே நிற்கும். ஆயினும் விற்பனையை விட வீட்டுத் தேவைதான் முக்கியம். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு கொடுக்கும் முட்டைக்கும், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் காய்ச்சும் கறிக்கும், முட்டைக்கோப்பிக்கும் ஊர்க்கோழியைத்தான் தேடுவார்கள்.

வெளியிலிருந்து வரும் தீனை நம்பாதிருப்பது இம்முறையின் பலம். 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 பாதை பூட்டப்பட்டபோது குடாநாட்டுக்குப் பொருட்கள் கப்பலில் வந்தன. மூட்டைத் தீனில் தங்கிய பண்ணைக்கும், வளவில் கிளறித் தின்னும் கோழிக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரிந்தது. பொருளாதார நெருக்கடியின் பின் முட்டைத் தட்டுப்பாடு வந்து, 2023இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. வளவுக் கோழியில் மறுபடி அக்கறை கூட இதுவும் ஒரு காரணம்.

இனங்கள்

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழி. இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி வேறோர் இனம். ஊர்க்கோழி ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கி, பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுக்கும். ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டைதான் கிடைக்கும். ஷேவர் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற கலப்பினப் பேடுகள் 300 வரை இடும். ஆனால் நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை சமச்சீர்த் தீன் கேட்கும், அடை கிடப்பதும் அரிது. முதன்முறை வளர்ப்பவருக்கு ஊர்ப் பேடு நாலும் சேவல் ஒன்றும் போதும். முட்டை மட்டுமே வேண்டுமானால் சேவலே தேவையில்லை. விடியற்காலைக் கூவலால் அயலோடு வரும் பகையும் மிச்சம்.

கூடும் வேலியும்

கூடு நிலத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் கால்களின்மேல் நிற்க வேண்டும். பனஞ்சலாகை அடித்து, கிடுகோ பனையோலையோ வேய்ந்த கூடு சித்திரை வெயிலில் தகரக் கூட்டை விடக் குளிர்ச்சியானது. ஒரு கோழிக்கு மூன்று, நான்கு சதுர அடி இடம் வேண்டும். நாலைந்து பேடுகளுக்கு ஒரு முட்டைப்பெட்டி போதும். மழையும் குளிரும் வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து வருவதால் அப்பக்கத்தை அடைத்து, வாசலைத் தெற்கே வைப்பது நல்லது. 2022 டிசம்பரில், மண்டோஸ் புயலை ஒட்டிய குளிரில், வடக்கில் மாடும் ஆடும் கூடச் செத்தன. எனவே வெயிலை மட்டும் மனதில் வைத்துக் கூடு கட்டக்கூடாது.

இரவில் வருவது மரநாய். பகலில் கீரியும் பிராந்தும். முட்டைக்கு உடும்பும் சாரைப்பாம்பும். மரத்தில் ஏறிப் படுக்கும் கோழி மரநாய்க்கு எளிய இரை. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையும், பொழுதுபடக் கூட்டை அடைக்கும் பழக்கமும் இருந்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

கூட்டை விட வேலியே அதிகம் சோதிக்கும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களுக்கு இடையில் ஒரு பொட்டு விழுந்தால் அதைக் கோழி முதலில் கண்டுபிடித்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் நட்டிருந்தால் ஒரு காலைக்குள் பாத்தி முழுவதும் கிளறப்படும். செம்மண் பகுதியில் அயலார் சண்டைகள் பல வேலிப்பொட்டில் தொடங்கியவைதான். அடிவேலியில் இரண்டடி உயரத்துக்குப் பனைமட்டையை நெருக்கிக் கட்டுவது பேச்சுவார்த்தையை விட மலிவு.

அடை வைத்தல்

கடகத்தில் மணலோ சாம்பலோ பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, எட்டு முதல் பன்னிரண்டு முட்டை வைப்பார்கள். இடிக்கு முட்டை கூழாகிவிடும் என்று கரித்துண்டும் இரும்புத் துண்டும் வைக்கும் வழக்கமும் உண்டு, வைப்பதால் தீங்கில்லை. முட்டை ஒரு கிழமைக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நரம்போடாத முட்டையை நீக்கலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும்.

காலம் பார்ப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா நடக்கும்போது பல வீடுகளில் முட்டை அடுப்படிக்கு வராது. அந்த முட்டையை அடை வைத்தால் ஆவணி, புரட்டாதியில் பொரிக்கும் குஞ்சுக்கு ஐப்பசி கடைசியில் மழை வலுக்குமுன் இறகு முற்றிவிடும். கார்த்திகை அடை மழையில் பொரிக்கும் குஞ்சு ஈரத்தில் கூனிக் குறுகிச் சாகும். தாயோடு குஞ்சுகளை முதல் இரு கிழமை கரப்பால் மூடி வைப்பது பிராந்துக்குத் தப்ப வழி.

தீன்

சமையல் மிச்சம், குறுணல், தவிடு, தேங்காய்ப்பூச் சக்கை, எள்ளுப் புண்ணாக்கு, முருங்கையிலை எல்லாம் தீனே. குஞ்சுக்குப் புரதம் கறையானிலிருந்து கிடைக்கும். பழைய மண்சட்டியில் தும்பும் காய்ந்த சாணமும் நிரப்பி, தண்ணீர் தெளித்து, புற்று உள்ள இடத்தில் பின்னேரம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடியச் சட்டியைத் தூக்கித் தட்டினால் வெள்ளை வெளேரெனக் கறையான் கொட்டும். முட்டையோட்டுக்கு நொறுக்கிய சிப்பி. கருவாட்டுத் தலை அளவோடுதான், உப்பு கோழிக்கு ஆகாது. தீவகத்திலும் கரையோரங்களிலும் கிணற்று நீர் சவராகும் வெயில் மாதங்களில் கோழிக்கும் நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். பின்னேரம் ‘பா, பா’ என்று கூப்பிட்டு ஒரு கை குறுணல் போட்டால் கோழி தானே கூடு திரும்பும்.

கலப்பினப் பேடு நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலும் 13 மணித்தியாலத்தைத் தொடாது; கூட்டில் ஒரு சிறு மின்குமிழ் எரிய விடலாம்.

நோய்

பிராந்தும் மரநாயும் ஒன்றிரண்டைத்தான் தூக்கும். வளவை ஒரே கிழமையில் வெறுமையாக்குவது நியூகாசில் நோய், ஊர்ப்பேச்சில் வெள்ளைக் கழிச்சல். 1926இல் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இனங்காணப்பட்ட இதற்கு இந்தியாவில் இராணிக்கெட் என்று பெயர். கோழி சிறகைத் தொங்கவிட்டுத் தூங்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், சில நாளில் கழுத்துத் திருகும். மருந்தில்லை. தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு முதல் கிழமையிலேயே கண்ணில் ஒரு துளி விட்டு, பின்னர் மீண்டும் கொடுக்க வேண்டும். கோழி அம்மைக்கும் தடுப்பு மருந்து உள்ளது.

சிக்கல் குப்பியில் இருக்கிறது. ஒரு குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதும். கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அதுவரை பனிக்கட்டியோடு பிளாஸ்கில் இருக்க வேண்டும். ஐந்து கோழிக்காக யாரும் குப்பி திறக்கமாட்டார்கள். ஒழுங்கை முழுவதும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒரு வீடு மட்டும் தடுப்பு மருந்து கொடுத்தால், அடுத்த வளவில் நோய் கிடந்து சுற்றி, அடுத்த ஈட்டுக் குஞ்சைப் பிடிக்கும். தூங்கத் தொடங்கிய கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது ஊரெங்கும் நோயைப் பரப்பும் வேலை. செத்ததை ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு போட வேண்டும்.

ஆகவே கோழி வாங்கப் புறப்படுமுன் ஒழுங்கையில் வேறு எந்த வீடுகளில் கோழி நிற்கிறது என்று கேளுங்கள்; பிறகு உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் எல்லோருக்குமாக ஒரு நாள் குறித்து வாருங்கள்.