வெள்ளிக்கிழமையை எங்கே வைப்பது?

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1892இல் நின்றுகொள்வர். மருதானையில் ஸாஹிறாவுக்கு வித்திடப்பட்ட ஆண்டு அது. அறிஞர் சித்திலெப்பை, வாப்புச்சி மரைக்கார், நாடுகடத்தப்பட்டு வந்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷா ஆகியோரின் பெயர்கள் வரிசையாக வரும். பின்னர் ரீ.பி. ஜாயா, ஏ.எம்.ஏ. அஸீஸ். இவை சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் அரிவரி வகுப்பில் குந்தியிருந்த ஆறு வயதுப் பிள்ளை ஒரு கிழமையை எப்படிக் கழித்தது என்பதை இந்நூல்களில் தேடினால் கிடைப்பது அரிது. ஸ்தாபகர்களுக்கு வரலாறு உண்டு, பிள்ளைக்கு இல்லை.

கிழமை என்ற சொல்லையே பாருங்கள். நம்மவர் பேச்சில் ஒரு நாளின் பெயரும் அதுதான், ஏழு நாளும் அதுதான். முஸ்லிம் பிள்ளைக்கோ நெடுங்காலமாக இரண்டு கிழமைகள் இருந்தன. ஒன்று லெப்பையுடையது, மற்றது அரசாங்கத்துடையது.

லெப்பையின் கிழமை வெள்ளியைச் சுற்றி அமைந்தது. மஃரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடுவதால் வியாழன் மாலையே ‘வெள்ளி இரவு’. அன்று வீடுகளில் யாஸீன் ஓதுவார்கள். வெள்ளியன்று ஓதப்பள்ளி கிடையாது. மற்ற நாட்களில் சுபஹுக்குப் பின்னும் அந்தியிலும் பாடம் நடக்கும். அலிபு, பே என்று எழுத்தறிந்து, எழுத்துக்கூட்டி, முப்பதாம் ஜுஸ்வுவின் சிறிய சூறாக்களிலிருந்து பின்னோக்கி ஏறிச் செல்வது அந்தப் பாடத்திட்டம். வகுப்பேற்றம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய இடத்தில் நிற்கும். கெட்டிக்காரப் பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். இன்றைய கல்வியியலாளர் புதிதாகக் கண்டதுபோலப் பேசும் சில விடயங்கள் லெப்பையின் பாயிலேயே இருந்தன. பிரம்பும் கூடவே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் கிழமை ஞாயிற்றைச் சுற்றியது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்ட பின் நன்கொடை பெற்றுப் பெருகியவை பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளே. அங்கே ஓய்வுநாளும் கிறிஸ்தவம், பாடமும் கிறிஸ்தவம் என்று பெற்றோர் கண்டனர். ‘முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கினர்’ என்று நாம் வாய்ப்பாடுபோல ஒப்புவிக்கும் வாக்கியத்தின் பின்னால் இந்தத் தயக்கம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. அறபுத்தமிழில் மாலைகளையும் மார்க்க நூல்களையும் சரளமாக வாசித்த உம்மம்மாக்கள் தமிழில் கையொப்பமிடத் தெரியாததால் எழுத்தறிவில்லாதவர் எனப்பட்டனர். எந்த எழுத்து என்று யாரும் கேட்கவில்லை.

சித்திலெப்பை செய்த பெரிய காரியம், இவ்விரு கிழமைகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர முயன்றதுதான் என்பது என் எண்ணம். 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேச’னில் அவர் வாதாடியது இதற்காகவே: குர்ஆனும் கணக்கும் ஒரே பிள்ளைக்கு, ஒரே நாளில். எதிர்ப்பும் வந்தது. 1945இன் இலவசக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிப் போதனையும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு இழுத்தன. அப்போதும் லெப்பையின் அதிகாலை நிலைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு விசித்திரம் நடந்தது. டட்லி சேனாநாயக்க அரசாங்கம் 1966 ஜனவரி முதல் ஞாயிறு விடுமுறையையே அகற்றி, சந்திரனின் நான்கு பிறைநிலைகளுக்குரிய போயா தினங்களை ஒட்டி வார ஓய்வை அமைத்தது. ஒரு போயாவிலிருந்து அடுத்தது சிலவேளை ஏழாம் நாள், சிலவேளை எட்டாம் நாள் வரும். ஆகவே விடுமுறை ஒரே நாளில் இரண்டு மூன்று கிழமை தங்கி அடுத்த நாளுக்கு நகரும். ஏழு நாட்களையும் சுற்றிவர ஏறத்தாழ நாலரை மாதம் பிடிக்கும். இன்று திங்கள், நாளை செவ்வாய் என்று பாலர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பாடு என்னவாயிருக்கும்! திங்கள் லீவு, ஞாயிறு பாடசாலை.

நோன்பையும் ஹஜ்ஜையும் பிறை பார்த்தே தீர்மானிக்கும் சமூகம் நாம். ஆனால் நம் கிழமை பிறையோடு நகர்வதில்லை. ஜும்ஆ வெள்ளியை விட்டு அசையாது. எனவே சந்திரனை நம்பி வாழ்ந்த பிள்ளைக்கே சந்திரக் கிழமை பொருந்தாமற் போயிற்று. வெள்ளியே போயாவாக வந்த இரண்டு மூன்று கிழமைகளில் லெப்பையின் ஓய்வும் அரசாங்கத்தின் ஓய்வும் ஒன்றாயின. பிறகு அவை பிரிந்து, நாலரை மாதம் சென்றே மீண்டும் சந்தித்தன. 1971இல் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. சனி, ஞாயிறு திரும்பின. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக எஞ்சியது.

அந்த ஐந்தாண்டுகளில் அரிவரி படித்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும், பாடசாலைகளின் பழைய இடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் புரட்ட வேண்டும். எல்லா ஊரிலும் அது இயலாது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்நேரத்தில் இடாப்பை யார் நினைப்பார்? 2004 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையில் கடல் புகுந்த ஊர்களிலும் அலுமாரிகள் தப்பவில்லை. லெப்பைமாரோ இடாப்பு வைத்திருந்தவர்கள் அல்லர். அவர்களுடைய பதிவு மாணாக்கரின் ஞாபகம்தான்.

இப்போது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறையோடு தனித் தவணை அட்டவணை இருக்கிறது. வெள்ளியில் ஜும்ஆவுக்கு முன்பே மணியடித்துவிடும். மற்றப் பாடசாலைகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் அஹதிய்யா. அறபியில் ஞாயிற்றுக்கிழமைக்குரிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இரண்டு கிழமைகளுக்கிடையே நடந்த பேச்சுவார்த்தை ஒருவாறு முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் ஐந்தாம் தர புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வீடுகளைக் கவனியுங்கள். அந்தி நேரம் டியூசனுக்குப் போய்விட்டது. ஓதப்பள்ளிக்கு அனுப்பாததற்குக் காரணம் கேட்டால், பரீட்சை முடியட்டும் என்கிறார்கள்.