இதயம் காப்போம் திட்டம்

மாரடைப்பு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன், ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே முதல் மருந்து தரும் தமிழ்நாடு அரசுத் திட்டம், தொடக்கம் 2023. ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு என 14 மாத்திரைகள். முதலிரண்டும் தட்டணுக்கள் ஒட்டி இரத்தக்கட்டி வளர்வதைத் தடுப்பவை. மூன்றாவது கொழுப்பைக் குறைப்பது. அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு இவை ஈடாகா.

கொல்லிமலைக்கு இத்திட்டத்தின் அருமை தனி. மலைமேல் உள்ள செம்மேட்டிலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நோயாளியைப் படுக்கவைத்த ஆம்புலன்ஸ் ஒவ்வொன்றிலும் வேகம் தணித்தே திரும்ப முடியும். பெரிய மருத்துவமனை உள்ள நாமக்கல் அதற்கும் அப்பால். நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.