பிழைத்த குழந்தைகளின் வரலாறு

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். ஓட்டப் பயிற்சியில் எப்பொழுதும் கடைசியில் வருவான். முன்பாதம் தரையில் இடறும். சோம்பல் என்று எண்ணி, மைதானத்தை மீண்டும் ஒரு முறை சுற்றி வரச் செய்தேன். மறுநாள் அவன் அன்னையார் வந்து, ஐந்தாம் வயதில் அவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதென்றும், நெடுநாள் மருத்துவத்தால் பிழைத்தான் என்றும் கூறினார். நோய் நீங்கிய பின்னும் கால் தடுமாறுவானேன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. ஓய்வு பெற்ற பின்னர்த் தேடிப் படித்தேன். அதனையே இன்று சொல்ல வந்தேன்.

1947 வரையில் இந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களுக்குள் மடிந்தனர். அவ்வாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததென 1948-இல் அறிவித்தார். அத்தணிவு நிலைக்கவில்லை, ஆயினும் வழி திறந்தது. அம்மருந்தை ஆக்கித் தந்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவரை நம் பாடநூல்கள் இன்னும் சற்று நினைவு கூரலாம்.

பின்பு, நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைத்தது. 1962-இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில், டொனால்டு பிங்கல் பல மருந்துகளை ஒருங்கே கொடுத்து, மூளையில் ஒளிந்திருக்கும் நோயணுக்களை அழிக்கத் தலைக்குக் கதிர்வீச்சும் செலுத்தினார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அவ்வாறு மருத்துவம் பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நிலையாகப் பிழைத்தனர்.

ஆனால் அம்மருந்துகளுக்கு நோயணு இது, நல்லணு இது என்று பகுத்தறியும் ஆற்றல் இல்லை. வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்கினால் முன்பாதம் தொங்கும். என் மாணவன் இடறியது இதனாலன்றோ! டாக்சோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தும். அத்தளர்ச்சி இருபதாண்டு கழித்தும் வெளிப்படலாம். கதிர் பட்ட எலும்பு வளர்ச்சி குன்றும். தலையில் பட்டால் உடல் வளர்ச்சியும் கற்கும் திறனும் குறையக்கூடும். எலும்புப் புற்றினால் காலையே இழந்தோரும் உளர்.

இக்குறைகளைக் கணக்கிடும் பெருமுயற்சி அமெரிக்காவில் 1994-இல்தான் தொடங்கிற்று. 1970 முதல் 1986 வரை நோய் கண்டு, ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்தோரைத் தேடிப் பிடித்து வினவினர். யாரோடு ஒப்பிடுவது? அவர்தம் உடன்பிறந்தாரோடு! ஒரே வீடு, ஒரே உணவு. நோய் ஒன்றே வேறுபாடு. எளிய, ஆனால் அரிய யோசனை. 11,481 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, ஐவரில் ஒருவருக்கு உடலியக்கத்தில் குறை இருந்தது. பள்ளிக்கோ வேலைக்கோ செல்ல இடர்ப்படுவோர், உடன்பிறந்தாரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. மூளைக் கட்டியும் எலும்புப் புற்றும் கண்டவர்களே மிகுதியாகத் துன்புற்றனர்.

2013-இல் செயின்ட் ஜூட் ஆய்வாளர் கண்டது என்னை மேலும் வருத்திற்று. சராசரி 33 வயதினரான பிழைத்தோருள், பெண்களில் நூற்றுக்குப் 13 பேரும் ஆண்களில் ஏறத்தாழ மூவரும், தசை மெலிந்து, நடை தளர்ந்து, விரைவில் களைத்து, 65 வயதைக் கடந்த முதியோரைப் போல நலிந்திருந்தனர். மாடிப்படியில் நடுவே நின்று மூச்சு வாங்கும் வயது எனக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு அஃது அத்தனை முன்னதாக வந்தது.

கணக்கு வீண்போகவில்லை. இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு இன்று தலைக்குக் கதிர் செலுத்துவதில்லை. தண்டுவட நீரில் மருந்தை ஊசி வழியே செலுத்துகின்றனர். இதயத்தைக் காக்க மருந்தின் அளவை வரையறுத்தனர். பிழைத்தோருக்கு ஏற்ற உடற்பயிற்சியும் பரிந்துரைக்கின்றனர்.

இந்த இறுதிச் செய்தியை நான் அன்று அறியேன். இரக்கத்தால் அப்பையனை ஓட்டத்திலிருந்து விலக்கி, நேரம் குறிக்கும் பணியில் அமர்த்தினேன். இரண்டு வாரம் பொறுத்திருந்தவன், ஒருநாள் மாலை என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, நான் மெதுவாக ஓடலாமா?" என்று கேட்டான்.