ரீமருக்கு முன்

துளையைச் சூடேற்றாமல் இழுத்து விரித்து அதன் விளிம்பைப் பலப்படுத்தும் வேலைக்காக, விமானப் பராமரிப்பு படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுக்கும் நாலு வரி இது:

தொடக்கத் துளையை அள, விரிசல் தேடு.
மாண்ட்ரலையும் அள, பிறகு இழு.
இழுத்த தடத்தைக் கண்ணால் பார்.
பார்த்த பிறகே ரீமர் போடு.

விரிசல் தேடு: ரிவெட், போல்ட் துளைகளின் விளிம்பில்தான் இழுவிசை குவியும். அகன்ற தகட்டில் அது மூன்று மடங்கு வரை ஏறும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்கு நடுவானில் மேற்கூரை பிய்ந்தது. 89,680 முறை பறந்து இறங்கிய விமானம் அது. ரிவெட் துளைகளில் பிறந்த சின்னச் சின்ன விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். துளையை விரிக்கும் வேலையில் வந்த பிழையல்ல அது. ஆனால் துளை விளிம்பை ஏன் இப்படிக் காக்கிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. பழைய துளையில் விரிசல் இருந்தால் முதலில் எடி கரண்ட் சோதனையில் கண்டுபிடித்து நீக்க வேண்டும்.

மாண்ட்ரலையும் அள: இங்குதான் நின்று யோசிக்க வேண்டும். மசகு பூசிய, நெடுக்கில் பிளந்த மெல்லிய ஸ்லீவைத் துளைக்குள் வைத்து, அதனூடே, ஸ்லீவோடு சேரும்போது துளையைவிடப் பருத்துவிடும் மாண்ட்ரல் என்ற தண்டை இழுக்கிறோம். சூடேற்றுவதில்லை. அலுமினியத்தில் விட்டம் பெரும்பாலும் 3, 4 சதவீதம் விரியும். விளிம்பை ஒட்டிய உலோகம் நிரந்தரமாக நெளிந்துவிடும். அதற்கு வெளியே உள்ளதோ பழைய இடத்துக்குத் திரும்பப் பார்த்து, உள்வளையத்தை நெருக்கிப் பிடிக்கும். மதுரைப் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சற்றே சின்னதாக அடித்த இரும்புப் பட்டையை வரட்டி நெருப்பில் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும், மரம் இறுகும். அங்கே சூடு செய்ததை இங்கே இழுப்பு செய்கிறது. அப்படி நெருக்குண்ட விளிம்பில் விரிசல் பிறந்தாலும் வளரத் திணறும்.

ஆனால் மாண்ட்ரல் தேயும். தேய்ந்த மாண்ட்ரலும் வழுவழுப்பாகத்தான் இழுபடும். தொடக்கத் துளை பெரிதாகிப் போனாலும் இதே கதைதான்: வேலை நடந்தது போலிருக்கும், விரிவு போதாது. அதனால்தான் இரண்டையும் அளக்கச் சொல்கிறேன்.

தடத்தைப் பார்: ஸ்லீவின் பிளவு இருந்த இடத்தில் துளைச் சுவரில் மெல்லிய மேடு ஒன்று நீளவாக்கில் நிற்கும். வாயைச் சுற்றி உலோகம் லேசாக உப்பியிருக்கும். கேஜும் விரிவு போதுமென்று சொல்ல வேண்டும். மேடு இல்லையென்றால் அந்தத் துளையில் ஸ்லீவே போடவில்லையோ என்று சந்தேகப்படு.

பிறகே ரீமர் போடு: ரீமர் துளையைக் கடைசி அளவுக்குச் சீவும் கருவி; அந்த மேட்டையும் சீவிவிடும். விரித்த துளையும் விரிக்காத துளையும் அதன்பின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இறக்கையில் வரிசையாக நூறு துளை இருக்கையில் ஒன்று விட்டுப்போனால், கடைசி அளவைப் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. ஆகவே மேட்டைக் கண்ணால் கண்டவர், அந்தத் துளையின் எண்ணுக்கு நேரே, ரீமர் சுழலுமுன் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் மொத்தமாகப் போடும் கையெழுத்தை நான் ஏற்பதில்லை.