தஞ்சோங் ரம்புத்தானும் பிள்ளை பெற்றவளும்

பேரா நாட்டுத் தமிழரிடையே ஒருவனைத் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவேண்டியவன்" என்று சொல்லிவிட்டால், அதற்கு உரை வேண்டுவதில்லை. ஈப்போவுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் வசைச்சொல்லாகி நிற்கிறது. அவ்வூர் செய்த குற்றம் யாதெனில், 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் நாடுகளின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கே திறக்கப்பட்டதுதான். 1971இல் அரசாங்கத்தார் அதற்கு "பஹாகியா", அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் சூட்டினர். பெயர் மாறியதேயன்றி வசை மாறவில்லை.

இவ்வசையால் மிகவும் கெட்டவர்கள் பிள்ளை பெற்ற பெண்களே என்பது நமது துணிபு. பிரசவத்திற்குப்பின் புத்தி தடுமாறிப் பிதற்றும் நோய் ஒன்றுண்டு. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் அது காணும். பிரெஞ்சு வைத்தியர் மார்ஸே என்பவர் 1858லேயே இதனைப் பற்றித் தனி நூல் எழுதினார். நம்மவரோ காய்ச்சலையும் பிதற்றலையும் ஒன்றாகக் கட்டிப் "பிரசவ ஜன்னி" என்றனர். அல்லது பேய் என்று கோடாங்கியைத் தேடினர். இதனினும் மிகுதியாகக் காண்பது ஓசையில்லாத சோர்வு. அதற்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை. சோம்பேறி என்றோ, பிள்ளைமேல் பாசமற்றவள் என்றோ ஏசுவதே வழக்கமாயிற்று.

தமிழ்நாட்டில் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது மரபு. அம்மரபில் மூடத்தனம் பல கலந்திருப்பினும், பெற்றவளுக்குச் சிலநாள் தூக்கமும் பத்தியச் சோறும் கிடைத்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னே தோட்டம் புகுந்தவளுக்குத் தாய்வீடு எங்கே? கடல் கடந்தன்றோ அது இருந்தது! லயத்தின் ஒற்றையறையிலே பெற்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, விடியுமுன் பால்மரத்திற்கு நடந்தாள். அவள் மனம் கலங்கியிருந்தால் கேட்க ஆளில்லை. கலக்கம் முற்றி வெளியே தெரிந்த பின்னர் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே சுற்றத்தாரினின்றும் பிரிவு.

நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்தல்தான் அந்நாளில் எங்கும் மருத்துவமாயிருந்தது. இதனை மாற்றிய பெருமை பெரிதும் இந்தியாவைச் சேரும். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, உறவினரை நோயாளியோடு தங்கச்செய்தார். 1957இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல நிலையமும் உறவினர் உடனிருத்தலையே முறையாகக் கொண்டது. பிற்காலத்தில் பெங்களூர் நிமான்ஸ் நிலையம் தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துச் சிகிச்சை செய்யும் பகுதியை அமைத்தது. கணவனும் மாமியாரும் வைத்தியர்முன் உட்கார்ந்து பேசவேண்டிய நிலை வந்தது. இஃது நல்லதே. ஆனால் உடனிருக்கும் அந்தக் குடும்பமே நோய்க்குக் காரணமாயின் என் செய்வது?

இக்கேள்விக்கு வேலூருக்கு அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரம் விடை தருகிறது. அங்குள்ள தாய்மார் 359 பேரைப் பிரசவத்திற்கு முன்னும் பின்னும் விசாரித்து, 2002இல் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டனர். 100க்கு 11 பேருக்குப் பிள்ளை பெற்றபின் மனச்சோர்வு புதிதாக வந்திருந்தது. காரணங்களாகக் கண்டவை: வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்குத் துணையின்மை, ஆண் வேண்டியிருந்த வீட்டில் பெண் பிறத்தல். பேயும் இல்லை, கோளும் இல்லை, தோழர்களே! பெண் குழந்தையைக் கண்டு முகஞ்சுளித்த வீடு அக்குழந்தையின் தாயையும் நோயில் தள்ளியிருக்கிறது.

எடின்பரோவிலிருந்து 1987இல் வெளிவந்த பத்துக் கேள்விகள் இந்நோயைத் தொடக்கத்திலேயே அறிய உதவுகின்றன. வேலூரார் அவற்றின் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்டனர். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குச் செவிலி வாசித்துக் காட்டலாம். சில நிமிடமே ஆகும்.

மலேசியச் சட்டமும் சிறிது அசைந்துள்ளது. 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. தந்தைக்கும் 7 நாள் உண்டு. அந்த ஏழு நாளைக் கணவன்மார் எங்கே கழிக்கின்றனர் என்பதை அவரவர் மனைவியர் அறிவர். இன்னொன்று: மனம் நொந்து உயிரை விடத்துணிந்து பிழைத்தவளைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. அதுவரை பிள்ளை பெற்றவள் தன் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்ல நினைத்தால், அவள்முன் நின்றவை இரண்டு: ஒன்று தஞ்சோங் ரம்புத்தான் என்ற வசை, மற்றொன்று போலீஸ்.